முதல் விண்ணப்பமும் ஒரு சாட்சியமே!

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகிச் சில வாரங்கள் கழிந்திருந்தன. அஸர் தொழுகை முடிந்து மதரஸா வாசலில் அமர்ந்திருந்தேன். சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் ஸலாம் கூறி வந்து நின்றார். அவர் கையில் ஓர் உறை. அதனுள் புதிதாக அச்சிட்ட இரண்டு தாள்கள்.

"ஹஜ்ரத், செங்கல்பட்டில் வேலைவாய்ப்பு முகாம் நடக்கிறது. பயோடேட்டா எடுத்து வந்திருக்கிறேன். எனக்காக துஆச் செய்யுங்கள்" என்றார்.

வாங்கிப் படித்தேன். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண்கள் எல்லாம் ஆங்கிலத்தில் அழகாக அச்சாகியிருந்தன. 'அனுபவம்' என்ற தலைப்பின் கீழ், ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இரண்டாண்டுகள் பணியாற்றியதாக ஒரு வரி இருந்தது. தாளின் அடியில், மேலே கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்ற உறுதிமொழி. அதன் கீழே கையொப்பத்திற்காக ஒரு கோடு. கையொப்பம் இன்னும் இடப்படவில்லை.

"எங்கே தம்பி இந்த இரண்டு வருடம் வேலை பார்த்தாய்?" என்று கேட்டேன்.

அவர் தலை குனிந்தார். "எங்கும் பார்க்கவில்லை ஹஜ்ரத். அந்த இடம் காலியாக இருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்களாம். எல்லோருக்கும் இப்படித்தான் போட்டுத் தருகிறோம் என்று கடையில் சொன்னார்கள்."

கடைக்காரரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. படிப்பை முடித்துவிட்டு முதன்முதலாக வேலை தேடும் பிள்ளைகளில் பலரை வாட்டுவது இந்த ஒரு கேள்விதான். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் வேலை என்றால் நாங்கள் எங்கே போவது? நியாயமான கேள்வி. இதற்கு நாம் விடை சொல்லாவிட்டால், கடைக்காரர் சொல்லும் விடையே அவர்களுக்கு விடையாகிவிடும்.

தேதிகள் பொய் சொல்வதில்லை

அந்த மாணவரிடம் முதலில் நான் பேசியது ஹதீஸ் கலையைப் பற்றி. அவர் வியப்புடன் பார்த்தார்.

சுயவிவரக் குறிப்பு என்பதை மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நம் முன்னோர்களான இமாம்கள் ஆயிரக்கணக்கான மனிதர்களின் விவரங்களைத் திரட்டி, ஒரு தனிக்கலையாகவே வளர்த்தார்கள். அதற்கு 'அஸ்மாவுர் ரிஜால்' என்று பெயர். நபிமொழிகளை அறிவித்த ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், ஊர், அவர் யாரிடம் பயின்றார், அவரிடம் யார் பயின்றார்கள், எப்போது இறந்தார் என்பனவற்றையெல்லாம் தேடித்தேடி எழுதினார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் 'அத்தாரீகுல் கபீர்' இவ்வகை நூலே. ஹிஜ்ரி 852இல் மறைந்த இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் 'தஹ்தீபுத் தஹ்தீப்' என்னும் பெருநூலை நம் இந்திய நாட்டின் ஹைதராபாத்தில் உள்ள தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனம் 12 பாகங்களாக அச்சிட்டு உலகுக்கு வழங்கியது.

ஓர் அறிவிப்பாளரிடம் அவர்கள் முதன்மையாக இரண்டு தகுதிகளைத் தேடினார்கள். ஒன்று 'அதாலத்', அதாவது நேர்மை. மற்றொன்று 'ளப்து', அதாவது கேட்டதைப் பிழையின்றிக் காத்துச் சொல்லும் திறமை. நேர்மையிருந்து திறமை குறைந்தவரும், திறமையிருந்து நேர்மை இல்லாதவரும் அந்தத் தராசில் நிற்கவில்லை.

பொய்யர்களை அவர்கள் எவ்வாறு பிடித்தார்கள் தெரியுமா? பெரும்பாலும் தேதிகளைக் கொண்டுதான். இன்ன ஆசிரியரிடம் நான் நேரில் கேட்டேன் என்று ஒருவர் கூறுவார். அவர் பிறந்த ஆண்டையும், அந்த ஆசிரியர் இறந்த ஆண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். ஆசிரியர் மறைந்த பிறகே மாணவர் பிறந்திருப்பார்! அத்துடன் அவர் சொன்ன அனைத்தும் ஒதுக்கப்பட்டுவிடும்.

"இப்போது உன் தாளைப் பார் தம்பி" என்றேன். "நீ விற்பனைப் பிரிவில் பணியாற்றியதாக எழுதியிருக்கும் அதே இரண்டாண்டுகளில் உன் மேல்நிலைப் பள்ளி வருகைப் பதிவேட்டில் உன் பெயர் இருக்கிறது. உன் பிறந்த தேதியும் மதிப்பெண் சான்றிதழின் ஆண்டும் இதே தாளில் இருக்கின்றன. கணக்குத் தெரிந்த எவரும் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்."

இன்று அதற்கு மேலும் வழிகள் உண்டு. வருங்கால வைப்பு நிதியில் சேர்க்கப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 2014 முதல் ஒரே நிரந்தர எண் வழங்கப்படுகிறது; எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்பது அதில் பதிவாகிறது. பெரிய நிறுவனங்கள் வேலைக்கு எடுத்த பிறகும் விவரங்களைச் சரிபார்க்கின்றன. பொய் வெளிப்பட்டால் போவது வேலை மட்டுமன்று. அந்த ஊர்ப் பிள்ளைகள் என்றாலே இப்படித்தான் என்ற சொல்லும் பின்னால் வரும்.

இவை உலகக் கணக்கு. தாளின் அடியிலுள்ள உறுதிமொழிக்கு வேறொரு கணக்கும் உண்டு. யாவும் உண்மை என்று எழுதி அதன் கீழ் ஒரு முஸ்லிம் கையொப்பமிட்டால், அது சாட்சியம். பொய்ச்சாட்சியம் பெரும்பாவங்களில் ஒன்று என்பதை மக்தபுப் பிள்ளையும் அறியும். ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்று நம்புகிறவர், அதன் வாசலைப் பொய்யால் திறக்க முற்படலாமா?

முன்னனுபவம் இல்லாமல் வேலை பெற்றவர்கள்

அப்படியானால் வெற்றுத்தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? இல்லை. திருக்குர்ஆன் கூறும் வரலாறுகளிலேயே இதற்கு வழிகாட்டுதல் உண்டு.

மூஸா (அலை) அவர்கள் எகிப்தை விட்டுத் தப்பி மத்யன் நகருக்கு வந்தபோது அவர்களிடம் ஒன்றுமே இல்லை. அரண்மனையில் வளர்ந்தவர், ஆடு மேய்த்து அறியாதவர். நீர்த்துறையில் மற்ற மேய்ப்பர்களின் நெரிசலால் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் கால்நடைகளுக்கு நீர் புகட்டிவிட்டு, கூலி கேட்காமல் நிழலில் போய் அமர்ந்தார்கள். அவ்விரு பெண்களில் ஒருவரே பின்னர்த் தம் தந்தையிடம் இவரைப் பணிக்கு அமர்த்திக்கொள்ளுமாறு பரிந்துரைத்தார். அவர் எடுத்துக்காட்டிய தகுதிகள் இரண்டு: உடல் வலிமை, நம்பகத்தன்மை. ஒரே ஒரு நாள் செய்த ஓர் உதவியே அந்த இரண்டிற்கும் சான்றாகிவிட்டது. எட்டாண்டுப் பணிக்கான ஒப்பந்தம் அதிலிருந்து பிறந்தது.

யூசுஃப் (அலை) அவர்கள் சிறையிலிருந்து நேரே மன்னனிடம் வந்தவர்கள். நாட்டின் களஞ்சியத்தை நிர்வகித்த முன்னனுபவம் அவர்களுக்கு இல்லை. ஆயினும் வளமான ஏழாண்டுகளுக்குப் பின் பஞ்சமான ஏழாண்டுகள் வரவிருந்த நிலையில், அப்பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்றார்கள். காக்கும் நாணயமும் அதற்குரிய அறிவும் தம்மிடம் இருப்பதாக எடுத்துரைத்தார்கள். தற்பெருமை கூடாது என்று கற்றுக்கொடுக்கப்பட்ட நம் பிள்ளைகள், தம்மைப் பற்றித் தாமே எழுதக் கூசுகிறார்கள். தேவை ஏற்படும் இடத்தில் தம் தகுதியை உள்ளபடி கூறுவது தற்பெருமை ஆகாது என்பதற்கு விரிவுரையாளர்கள் இந்நிகழ்ச்சியையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களும் இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளைச் சிறு கூலிக்கு மேய்த்தவர்கள். பின்னர்க் கதீஜா (ரலி) அவர்கள் தம் வணிகப் பொருள்களை ஒப்படைக்க ஆள் தேடியபோது, ஊரார் வாயில் 'அல்அமீன்' என்று வழங்கிய பெயரே முன்னே சென்று நின்றது.

இமாம்கள் தேடிய நேர்மை, திறமை என்னும் அதே இரண்டையே இங்கும் காண்கிறோம். மேசை நிறையத் தாள்களைக் குவித்து வைத்திருக்கும் மேலாளரும் இவ்விரண்டையே தேடுகிறார். இவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? இவரை நம்பி ஒப்படைக்கலாமா? சுயவிவரக் குறிப்பின் ஒவ்வொரு வரியும் இவ்விரு கேள்விகளில் ஒன்றுக்கு விடையாக அமைய வேண்டும்.

காலியாக இருந்த இடம் நிரம்பியது

அந்த மாணவரை அருகில் அமர்த்தி, "பள்ளிக்கூடம் விட்டதும் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"ஒன்றும் இல்லை ஹஜ்ரத். கூட்டுரோட்டில் அத்தாவின் தேநீர்க் கடையில் இருப்பேன்."

படாளம் கூட்டுரோடு எப்படிப்பட்ட இடம் என்பது அவ்வழியே சென்றவர்களுக்குத் தெரியும். திருச்சி நெடுஞ்சாலையின் பேருந்துகள், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் வண்டிகள், பருவகாலத்தில் வேடந்தாங்கலுக்குப் பறவைகளைப் பார்க்கச் செல்லும் வெளியூர்க் கூட்டம் எனப் பலரும் வந்து நிற்கும் இடம். அங்கே மாலைதோறும் மூன்று மணிநேரம் நின்று, பால் கணக்கு எழுதி, பற்று நோட்டைப் பார்த்துக்கொண்டு, பத்து வகை மனிதர்களிடம் பத்து விதமாகப் பேசிப் பழகிய பிள்ளை, "ஒன்றும் இல்லை" என்கிறார்!

"ரமளானில்?" என்றேன்.

"பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றுவேன். போன இரண்டு ரமளானிலும் அரிசிக் கணக்கு நோட்டை முத்தவல்லி என்னிடம்தான் கொடுத்தார்."

நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு அரிசி வழங்கும் ஏற்பாடு 2001 முதல் இருந்து வருகிறது. வந்த அரிசி எவ்வளவு, நாளுக்குச் செலவானது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று முப்பது நாளும் பிழையின்றி எழுதுவது இருப்புக் கணக்கு. தொழிற்சாலையின் கிடங்குப் பிரிவில் செய்வதும் இதுவே.

பொய் வரியை அடித்துவிட்டு அவ்விடத்தில் இவ்வாறு எழுதினோம்:

"குடும்பத் தேநீர்க் கடையில் உதவி: இரண்டாண்டுகள், பள்ளி நேரத்திற்குப் பின், மாலை 5 முதல் 8 வரை. பால், சர்க்கரைக் கொள்முதல் கணக்கும் வாடிக்கையாளர் பற்றுக் கணக்கும் எழுதியது.

பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி வழங்கல்: இரண்டு ரமளான் மாதங்கள், தொண்டு. அன்றாட அரிசி இருப்புக் கணக்கு எழுதியது. வரிசையை ஒழுங்குபடுத்தி வழங்கியது."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. முத்தவல்லியைக் கேட்டாலும் ஆம் என்பார். பால்காரரைக் கேட்டாலும் ஆம் என்பார்.

பெண்பிள்ளைகளைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். வீட்டிலேயே இருந்தவள், அவளுக்கு என்ன தெரியும் என்று தாயே சொல்லிவிடுகிறார். மக்தபில் சிறு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த பெண், கற்பிக்கும் பொறுமையைப் பெற்றிருக்கிறாள். மகளிர் சுயஉதவிக் குழுவில் தாய்க்காகக் கணக்குப் புத்தகம் எழுதிய பெண், வங்கிச் சீட்டு நிரப்பவும் வட்டாரப் பெண்களிடம் பேசவும் கற்றிருக்கிறாள். நோயுற்ற பாட்டியின் மருந்துகளை வேளை தவறாமல் கொடுத்து, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வந்த பெண்ணிடம் பொறுப்புணர்வுக்கு வேறென்ன சான்று வேண்டும்? இவற்றைத் தேதியுடனும் செய்த செயலுடனும் எழுதினால் அவையே தகுதிகள்.

எழுதும் முறை

முதல் விண்ணப்பத்திற்கு ஒரு பக்கமே போதுமானது. அதன் ஒழுங்கைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

மேலே பெயர், ஊர், கைப்பேசி எண், மின்னஞ்சல். மின்னஞ்சல் முகவரி பெயரை ஒட்டி எளிமையாக இருக்கட்டும். விளையாட்டுப் பெயர்கள் வேண்டாம். அடுத்து, எந்த வேலையை நாடுகிறார் என்பதை இரண்டே வரிகளில் எழுத வேண்டும். எந்த வேலையாயினும் சரி என்று எழுதுவது பணிவாகத் தோன்றலாம். படிப்பவருக்கு அது எதையும் சொல்வதில்லை. கிடங்குப் பணிக்கு ஒரு தாள், கடை விற்பனைப் பணிக்கு ஒரு தாள் என்று மாற்றி எழுதுவதே சரி.

பிறகு கல்வி, கடைசியாகப் படித்தது முதலில் வர வேண்டும். பள்ளியிலோ, தமிழக அரசு 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலோ, தட்டச்சு நிலையத்திலோ பயிற்சி பெற்றிருந்தால் அதையும் இங்கே சேர்க்கலாம். அதன்பின் மேலே கூறியவாறு செய்த பணிகள். அடுத்தது மொழிகள்.

மொழிகளில் ஓர் எச்சரிக்கை. நம் பிள்ளைகளில் பலர் அரபி தெரியும் என்று எழுதிவிடுகிறார்கள். குர்ஆனை எழுத்துக் கூட்டி ஓதத் தெரிவது வேறு. அரபியில் பேசத் தெரிவது வேறு. வளைகுடா நிறுவனத்தார் எதிரில் அமர்ந்து அரபியில் ஒரு கேள்வி கேட்டால் நிலைமை என்னாகும்? வாசிக்கத் தெரியும், பேசத் தெரியும், எழுதத் தெரியும் என்று பிரித்து எழுதுவதே நேர்மை. வீட்டில் உருது பேசுகிறவர்கள் அதை விடாமல் எழுதட்டும். அதுவும் ஒரு தகுதியே.

இறுதியாக, நம்மை அறிந்த இருவரின் பெயர்கள். இவர்கள் உறவினராக இருத்தலாகாது; வகுப்பாசிரியர், ஜமாஅத் பொறுப்பாளர், தொழில் செய்பவர் போன்றோர் நலம். அவர்களிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது கட்டாயம்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், தகப்பனாரின் வருமானம், மதம், உயரம், எடை இவற்றை இத்தாளில் எழுத வேண்டியதில்லை. கேட்கும் இடத்தில் உரிய படிவத்தில் கொடுக்கலாம். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைத்துவிட்டு வர வேண்டாம். வேலைக்கு முன்பணம் கேட்பவரிடம் தாளையும் கொடுக்க வேண்டாம்.

எழுதி முடித்ததும் சத்தமாக ஒருமுறை படித்து, பிழை அறிந்த ஒருவரிடமும் காட்டித் திருத்துங்கள். முகாம்களில் கொடுப்பதோடு நின்றுவிடாமல் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிவு செய்யுங்கள். அப்பதிவை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையுடன் பயிற்சி தரும் நிறுவனங்களும் உண்டு. அனுபவம் இல்லை என்ற குறையைத் தீர்க்க அது ஒரு நேர்வழி.

பெயரில் உள்ள இரு சிக்கல்கள்

முதற்சிக்கல் நாமே உண்டாக்கிக்கொள்வது. முஹம்மது என்னும் திருப்பெயரை ஆங்கிலத்தில் ஏழெட்டு விதமாக எழுதுகிறோம். மதிப்பெண் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், குடும்ப அட்டையில் ஒரு விதம். வேலைக்கு அழைப்பு வந்த பிறகு இந்த எழுத்து வேறுபாட்டால் அலைந்தவர்கள் பலர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை மூலமாகக் கொண்டு, பிற ஆவணங்களை இப்போதே அதனோடு பொருந்தத் திருத்திவிடுங்கள். பெயரையே மாற்ற வேண்டியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டுக்கொள்ளும் முறை இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் பிறர் உண்டாக்குவது. அதை மறைத்துப் பேசுவதும் ஒருவகைப் பொய்யாகும். பேராசிரியர்கள் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய இருவரும் ஓர் ஆய்வு செய்து 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் வெளியிட்டார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, தகுதியில் ஒத்த பட்டதாரிகளின் பெயரில் 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். உயர்சாதி இந்துப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் என்பது மட்டுமே வேறுபாடு. உயர்சாதிப் பெயருடையவரோடு ஒப்பிடுகையில் முஸ்லிம் பெயருடையவர் அழைக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது என்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் செய்து 2004இல் வெளியான ஆய்விலும், கறுப்பின மக்களிடையே வழங்கும் பெயர்களுக்கு அழைப்புக் குறைவு என்றே தெரிந்தது. ஆகவே இது ஒரு நாட்டின் நோய் அன்று.

இதைச் சொல்வது பிள்ளைகளைச் சோர்வடையச் செய்வதற்காக அல்ல. அழைப்பு வராதபோதெல்லாம் தன்னிடம்தான் குறை என்று எண்ணி ஒடுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே. பெயரைச் சுருக்கி மறைக்கலாமா என்று ஒரு பெண்பிள்ளை என்னிடம் கேட்டதுண்டு. வேண்டாம் அம்மா என்றேன். சான்றிதழில் உள்ள பெயர் எப்படியும் வெளிப்படும். மேலும், அந்தப் பெயரைச் சூட்டியபோது பெற்றோர் செய்த துஆ அதில் இருக்கிறது. தாளை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திராமல், முகம் பார்த்துப் பேசக்கூடிய முகாமிற்கும் பயிற்சி நிலையத்திற்கும் நேரில் செல்வதே இதற்கு ஒரு மருந்து. மற்றொரு மருந்து, எண்ணிக்கை. நான்கு இடத்தில் விண்ணப்பிப்பவர் பன்னிரண்டு இடத்தில் விண்ணப்பிக்கட்டும். நமக்குள் தொழில் செய்யும் செல்வந்தர்களும், ஜுமுஆ முடிந்து கலையுமுன் இப்பிள்ளைகளின் தாள்களைக் கேட்டு வாங்கிப் படிக்கக் கடமைப்பட்டவர்கள்.

கையொப்பம்

அந்த மாணவர் புதிய தாளை எடுத்துக்கொண்டு சென்றார். முதல் முகாமில் யாரும் அழைக்கவில்லை. "பழைய தாளையே கொடுத்திருக்கலாம் என்கிறார்கள் ஹஜ்ரத்" என்று வந்து நின்றார். எனக்கும் மனம் கனத்தது. பொறுமையோடு மறுபடியும் செல் என்று சொல்வதைத் தவிர என்னிடம் வேறொன்றும் இல்லை.

மூன்றாம் முறை சென்றபோது, நேர்காணல் செய்தவரின் விரல் நோன்புக் கஞ்சி வரியில் நின்றதாம். ஒருநாள் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகமாக வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாராம். "கடைசியில் நிற்பவருக்கும் கிடைக்கும்படி அகப்பையின் அளவை முதலிலேயே குறைத்துக்கொள்வேன். மறுநாளைக்கு எவ்வளவு அரிசி கூட்ட வேண்டும் என்று அன்றிரவே முத்தவல்லியிடம் நோட்டைக் காட்டுவேன்" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். நடந்ததைச் சொன்னதால் நா தடுமாறவில்லை. கிடங்குப் பிரிவில் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். அல்ஹம்து லில்லாஹ்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை முதன்முதலாக இத்தாளை எழுதும்போது அருகில் அமருங்கள். அவர்கள் மறந்துவிட்ட நற்செயல்களை நினைவூட்டுங்கள். கையொப்பமிடுமுன் ஒவ்வொரு வரியையும் சுட்டிக்காட்டி, இதற்குச் சாட்சி யார் என்று கேளுங்கள். சாட்சி சொல்ல ஆள் இருந்தால் அவ்வரி நிற்கட்டும், இல்லாவிட்டால் அடித்துவிடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான, விசாலமான ரிஸ்கையும், உண்மை பேசும் நாவையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.